சின்க்வெசென்டோவின் இடது விளக்கு

முப்பத்து நான்கு வயதில் "ஓய்வு பெற்றவள்" என்று என்னை நானே சொல்லிக்கொண்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. பழைய கார்களை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று, இந்தக் கார் நிஜத்தில் என்ன என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலையை எட்டு வருடம் செய்தேன். இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸில் ஒரு டயர் கடையின் பின்பாதிதான் எங்கள் ஆபீஸ். முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும் அதை மூடினார்; நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். என்னோடு கடைசி வருடம் வேலை பார்த்த திவ்யா இப்போது ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அங்கே செல்போனைக் காரைச் சுற்றிக் காட்டினால் போதும், ரிப்போர்ட் தானாக வந்து விழுகிறதாம். போன வாரம் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு இத்தாலியன் கார் வந்திருக்கு, குட்டியூண்டு. ஆப்ல போட்டா முன்பக்கம் மாத்தியிருக்குன்னு வருது. நீங்கதானே இந்தக் கார்ல ஸ்பெஷலிஸ்ட்? சட்டுனு ரெண்டு லைன்ல சொல்லுங்களேன்."

"நீ என்ன எழுதி வெச்சிருக்க?"

"இன்னும் எதுவும் எழுதல."

"நல்லது. எழுதாத. நான் எழுதி அனுப்புறேன்."

இரண்டு வரியில் அடங்காத விஷயம் என்பதால்தான் இந்தக் கட்டுரை. நான் அந்தக் காரில் ஸ்பெஷலிஸ்ட் ஆன கதை பெருமையானதல்ல. அதில் ஒன்றை நானே கெடுத்துவிட்டு, பிறகு கற்றுக்கொண்டேன்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரூர்க்காரி. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவார்கள். தகரத்தை எங்கே வெட்டியிருக்கிறார்கள், எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் கண் அங்கேயே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல். கல்யாணமாகி, கணவரின் விசாவில் சான்டா கிளாரா. இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டிலிருந்தேன். மைக்ரோவேவைக் கழற்றி மாட்டினேன், பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியின் தையல் மெஷினைக் கழற்றி மாட்டினேன். அனுமதி வந்த மாதமே, இந்தியக் கடை நோட்டீஸ் போர்டில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தேன். "பழைய கார்களைப் பரிசோதிக்க ஆள் தேவை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்." தமிழில் எழுதியிருந்தது. அந்த எண்ணில் எடுத்துப் பேசியவர்தான் நஜ்மாக்கா.

நஜ்மாக்கா சென்னை, ராயப்பேட்டை. அங்கே வாகன இன்ஷூரன்ஸில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. அதையே நியூ ஜெர்சியில் பத்து வருடம் செய்துவிட்டு இங்கே சொந்தமாக ஆரம்பித்தவர். எதையும் பாராட்ட மாட்டார். யாருடைய கார் முன்னால் போய் நின்றாலும் "நைஸ் கார்" என்று சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு அவர் போட்ட முதல் சட்டம். "சொன்னா அவங்க சந்தோஷப்படுவாங்க. சந்தோஷப்பட்டா நமக்கு ஜூஸ் தருவாங்க. ஜூஸ் குடிச்சிட்டு துருவைப் பத்தி எழுத உனக்கு மனசு வராது" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது. எனக்கு "மேடம்" என்று பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். கைப்பையில் எப்போதும் வறுத்த பட்டாணி. ஒரு பட்டாணியை மென்று முடிக்கும் வரை எந்தக் கேள்விக்கும் பதில் வராது.

பரிசோதனைக்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். போனதும் என்ஜின் மூடியில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன் ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள்; குளிர்ந்த என்ஜின் சொல்லும் உண்மையை மறைக்கப் பார்க்கிறார்கள். ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம், கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சும்மா சுற்றி வர வேண்டும். அப்புறம் கதவைத் திறந்து மோந்து பார்ப்பது. அப்புறம், புட்டி பூசிய இடத்தில் ஒட்டாத, துணி சுற்றிய காந்தம், பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டர், டார்ச். கடைசியில்தான் சாவி.

எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. தாளில் மூன்று கட்டம். முதல் கட்டம், பார்த்தது. இரண்டாவது, உரிமையாளர் சொல்லிக் கேட்டது. மூன்றாவது, நினைப்பது. கார் நிற்கும் இடத்தைவிட்டு நகருமுன், நமக்குள் கலந்து பேசுமுன், மூன்றையும் நிரப்பிவிட வேண்டும். ஒரு கட்டத்தில் இருக்க வேண்டியது இன்னொன்றில் இருந்தால் பச்சை மையில் அடிப்பார்.

இப்போது கார். பெயர் சின்க்வெசென்டோ, இத்தாலிய மொழியில் ஐந்நூறு, அவ்வளவுதான் அர்த்தம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஸ்கூட்டரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த மக்களுக்காக 1957இல் இத்தாலியின் டூரின் நகரில் இறக்கினார்கள். மூன்று மீட்டர்கூட நீளம் இல்லை. அழகாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தது அழகுக்காக அல்ல. அந்தக் காரில் ஒவ்வொரு வினோதத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அதற்காக.

கூரை ஏன் துணி? வெயில் காய என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்பு மிச்சம் என்பது ஒரு காரணம். பின்னாலிருக்கும் என்ஜின் போடும் சத்தம் மேலே வெளியேறட்டும் என்பது இன்னொன்று. என்ஜினில் இரண்டே சிலிண்டர். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். அதனால்தான் நிற்கும்போது அந்தக் குலுக்கல். முதலில் வந்த கார்களில் கதவு பின்பக்கக் கீலில் திறக்கும், காற்றை எதிர்த்து. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருக்கும் குட்டி நெம்புகோலை இழுக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்டில் ஒருவர், வருடா வருடம் ஆயில் மாற்றுகிறேன் என்று சத்தியம் செய்தார். பில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் என்ஜின் உள்ளே தட்டுகிறது. "ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டேன். "இந்தக் கார்ல ஃபில்டரே கிடையாதும்மா, நான் தேடிட்டேன்" என்றார். உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முனையில் பெல்ட் ஓடுகிற சக்கரம் இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. சக்கரம் சுழல, எண்ணெயிலிருக்கும் கசடு விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மாவு அரைக்கும்போது கிரைண்டர் ஓரத்தில் ஒட்டுவதுபோல. திறந்து சுரண்டி எடுக்க வேண்டும். அவர் அனுமதியோடு திறந்தோம். உள்ளே கறுப்பாக, களிம்பாக, அவர் வாங்குவதற்கு முந்தைய ஆட்களின் கசடெல்லாம் இருந்தது. அந்த மனிதர் கோபப்படவே இல்லை. "அடேங்கப்பா, இதுக்குள்ளயா ஒளிச்சு வெச்சான்" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கார் பித்து.

இன்னொரு நாள் சான்டா கிளாராவில் ஒரு காரை ஓட்டிப் பார்க்கும்போது சிக்னல் நடுவில் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அந்த மாடலில் பெட்ரோல் முள் கிடையாது. குறைந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். எரியவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், நான் ஒற்றை ஆளாய்த் தள்ளுகிறேன்; அந்தக் கார் அவ்வளவு லேசு. நஜ்மாக்கா கேனோடு வந்தார். ஒரு பட்டாணியை மென்று முடித்துவிட்டுக் கேட்டார்:

"என்ன எழுதுவ?"

"வார்னிங் பல்பு ஃபியூஸ்."

"நீ பல்பைக் கழட்டிப் பார்த்தியா?"

"இல்ல."

"வயர் அறுந்திருக்கலாம். டேங்க்ல இருக்கிற மிதவை சிக்கியிருக்கலாம். நீ பார்த்தது என்ன? பெட்ரோல் இல்ல, விளக்கு எரியல. அது முதல் கட்டம். ஃபியூஸுங்கிறது மூணாவது கட்டம். புரியுதா மேடம்?"

புரிந்தது என்று நினைத்தேன். வேகமாகப் புரிந்துகொள்வதுதான் என் பிரச்சினையே.

இப்போது அந்தத் தவறு.

சுந்தர் என்று ஒருவர். மில்பிடாஸில் சிப் டெஸ்ட் செய்யும் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். இந்தக் காரை வாங்குவதற்காக மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி ரேவதிக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. முதல் சந்திப்பிலேயே என்னிடம் கேட்டார்: "ஏங்க, இதுல காஸ்ட்கோ போயிட்டு வந்தா அரிசி மூட்டை உக்காருமா, நான் உக்காருவேனா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்" என்றேன்.

"கேட்டீங்களா?" என்று கணவரைப் பார்த்தார். சுந்தர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார் டெக்ஸாஸில், ஆலனில், ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி வருடங்களில் செய்த கார். சுந்தர் சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கு ஒரிஜினலா வேணும். டூரின்ல இருந்து எப்படி வெளிய வந்துச்சோ அப்படி. எங்கெல்லாம் மாத்தியிருக்காங்கன்னு நீங்க சொன்னா, நான் சரி பண்ணிக்கிறேன்." இதைத்தான் அவர் எங்களிடம் ஒப்படைத்தார். அவர் கண் போகாத இடத்துக்கு எங்கள் கண் போக வேண்டும்.

போனேன். என்ஜின் குளிர்ந்திருந்தது. பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு சுற்றினேன். தரைத் தகடு சுத்தம், கதவுக் கீல் சுத்தம், வெளிர் நீலப் பெயிண்ட் வெளுத்திருந்தாலும் ஒரே சீராக இருந்தது. முகத்தைப் பார்த்ததும் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. சின்க்வெசென்டோவின் விளக்குகள் சிறியவை, பாடியோடு பதிந்து உட்கார்ந்திருக்கும். இதில் பெரிய வட்ட விளக்குகள், தகரக் கிண்ணத்துக்குள், தவளைக் கண்போல முன்னால் துருத்திக்கொண்டிருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் அமெரிக்கத் தயாரிப்பு என்று பொறித்திருக்கிறது. அளந்தால் ஏழு அங்குலம். இங்கே எந்த ஆட்டோ கடையிலும் கிடைக்கும் அளவு. இத்தாலிய உதிரிப்பாகப் புத்தகம் என் டேப்லெட்டில் இருந்தது; பக்கம் பக்கமாகப் பார்த்தேன், இப்படி ஒரு கிண்ணம் அதில் இல்லை. யாரோ ஒரு டெக்ஸாஸ்காரர் விளக்கு உடைந்ததும் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெயிண்ட் மீட்டரையும் வைத்தேன். அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். கிண்ணத்தின் மேல் ஒரு அளவு, கதவின் மேல் ஒரு அளவு. இரண்டும் ஒன்று. பின்னால் ஒட்டவைத்த தகரமாக இருந்தால் பெயிண்டும் பின்னால் அடித்ததாக இருக்கும், அளவு மாறும். இரண்டு எண்ணையும் என் கையாலேயே நோட்டில் எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. ஃப்ளைட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம், அது பொய். நிறைய நேரம் இருந்தது. எனக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு யோசிக்க வேண்டும்?

முதல் கட்டத்தில், பார்த்தது என்ற தலைப்புக்குக் கீழே, எழுதினேன்: "முன்விளக்குகள் இரண்டும் அசல் அல்ல. பின்னாளில் பொருத்தியவை. அகற்றி, இத்தாலிய அளவுக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்."

அந்த வாரம் நஜ்மாக்கா முழங்கால் ஸ்கேனுக்கு அலைந்துகொண்டிருந்தார். நீயே படித்துவிட்டு அனுப்பிவிடு என்றார். படித்தேன், அனுப்பினேன். சுந்தர் காரை வாங்கினார். லாரியில் ஏற்றி மில்பிடாஸுக்கு வந்தது.

நான்கு மாதம் கழித்து நியூ ஜெர்சியில் வேறொரு காரைப் பார்க்கப் போனேன். அதுவும் சின்க்வெசென்டோ, இன்னும் சரிசெய்யாதது, பாதி துருப்பிடித்தது. கராஜின் கதவை மேலே தூக்கினார்கள். உள்ளே இருட்டிலிருந்து அதே இரண்டு தவளைக் கண்கள் என்னைப் பார்த்தன.

முதலில் எனக்குத் தோன்றியது, "அட, இவரும் அதே தப்பைப் பண்ணியிருக்காரே" என்பதுதான். அடுத்த நொடி கணக்கு உதைத்தது. டெக்ஸாஸில் ஒருவர், இங்கே ஒருவர். நடுவே பாதி நாடு. அதே கிண்ணம், அதே சரிவு. குனிந்து சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் டார்ச் அடித்தேன். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாகப் போயின. கைவேலையில் அப்படி வராது. ஃபேக்டரியில்தான் வரும்.

உரிமையாளர் பழைய தாள்கள் போட்டு வைத்த ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மடித்து வைத்த ஒரு விற்பனைத் துண்டுப் பிரசுரம். ஆங்கிலத்தில், அமெரிக்க வாடிக்கையாளருக்காக அச்சடித்தது. படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் காருக்கு அதே விளக்குகள். அன்றைய அமெரிக்க விதிப்படி முன்விளக்கு குறிப்பிட்ட பெரிய அளவில்தான் இருக்க வேண்டும். அந்தக் காரின் சின்ன விளக்கு செல்லாது. அதனால் இங்கே அனுப்பிய கார்களுக்கு மட்டும் டூரினிலேயே இந்தக் கிண்ணத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படி வந்தவை குறைவு. மிஞ்சியவை இன்னும் குறைவு. பலவற்றில் பின்னால் வந்தவர்கள், இது இத்தாலிய முகம் இல்லையே என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள்.

அந்தக் கராஜ் வாசலில் நின்றுகொண்டே சுந்தருக்கு போன் செய்தேன்.

"சார், கார்த்திகா பேசுறேன். கார் எங்க இருக்கு?"

"அட, உங்களுக்கு நூறு வயசு! பாடி ஷாப்ல இருக்கு. லைட்டுதான் மாத்திட்டிருக்காங்க. லெஃப்ட் சைடு முடிஞ்சிடுச்சு, சூப்பரா வந்திருக்கு. போட்டோ அனுப்பட்டா?"

"ரைட் சைடைத் தொட வேணாம்னு சொல்லுங்க சார். இப்பவே. போனை வெச்சதும்."

"ஏன், என்னாச்சு?"

"நான் எழுதினது தப்பு. அது ஒரிஜினல்தான்."

 "ரெண்டுமா?" என்றார். அந்தக் கேள்வியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்து நஜ்மாக்காவுக்கு.

"அக்கா, ஆலன் கார்ல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "எந்தக் கட்டத்துல எழுதின?"

"முதல் கட்டத்துல."

"மூணாவதுல எழுதியிருந்தா அவர் வெட்டறதுக்கு முன்னாடி இன்னொருத்தரைக் கேட்டிருப்பாரு. பார்த்தேன்னு எழுதிட்ட, அதனால கேக்கல." அப்புறம், "ஃப்ளைட்டு எப்போங்க மேடம்?" என்றார்.

எங்கள் ஆபீஸில் திருத்தத்துக்கும் ஒரு முறை இருந்தது. மெயில் கூடாது, போன் கூடாது. எழுதினவர், கார் முன்னால் நின்று, உரிமையாளருக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுவரை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

சனிக்கிழமை காலை, சான் ஹோசேயில் ரமோனின் பாடி ஷாப். ரமோனுக்கு ஐம்பது வயதிருக்கும்; பேசிக்கொண்டே கையால் ஏதாவது ஒரு தகரத்தைத் தடவிக்கொண்டிருப்பார். கார் ஸ்டாண்டில் நின்றது. வலப்பக்கம் துருத்திய பெரிய விளக்கு. இடப்பக்கம் பாடியோடு பதிந்த சின்ன விளக்கு, சுற்றிலும் புதுப் ப்ரைமரின் சாம்பல் நிறம். ரமோன் வேலையைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு துல்லியம். அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணி அனுப்பிவிட்ட மாதிரி இருக்கு" என்றார் ரேவதி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நஜ்மாக்கா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தாளை எடுத்துப் படித்தேன். தேதி, காரின் எண், நான் எழுதியிருந்த மூன்று வாக்கியம். அந்த மூன்றும் தவறு என்பது. பெயிண்டின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்ததை நோட்டில் குறித்தும் யோசிக்கவில்லை என்பது. வெல்டிங் புள்ளிகளை உள்பக்கமிருந்து பார்க்கவே இல்லை என்பது. 

சுந்தர் ரமோனைக் காட்டினார். "இவர் சொன்னாருங்க. வெட்டறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி, வெல்டிங் ரொம்ப நீட்டா இருக்கு, ஒட்டுப்போட்டவன் வேலை மாதிரி இல்லையேன்னு சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரிப்போர்ட்ல எழுதியிருக்கு, கட் பண்ணுங்கன்னு. கண்ணால பார்த்த மனுசனைவிட உங்க பேப்பரை நம்புனேன்."

 நஜ்மாக்காவைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்ற மாட்டார் என்று தெரிந்தது. "இதுக்கு ஆகிறது எல்லாம் எங்க பொறுப்பு சார்" என்று மட்டும் சொன்னார்.

ரமோன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வலப்பக்கத்தையும் வெட்டி இத்தாலிய விளக்கு வைப்பது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஷோவில் நிறுத்தினால் ஒரு ஆள் கண்டுபிடிக்க மாட்டான். இன்னொன்று, வெட்டிய கிண்ணத்தைத் திரும்ப வைப்பது. கார் கடையைவிட்டுப் போகும் வரை அவர் எதையும் தூக்கி எறிய மாட்டாராம். ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். கிண்ணம் இரண்டு துண்டாக இருந்தது. விளிம்பு முழுக்க, தகரம் வெட்டும் கிரைண்டர் தின்ற பல் தடம். செய்யலாம், ஆனால் உள்ளே தையல் தெரியும், பழையபடி ஆகாது என்றார்.

"மொத வழிதான் ஈஸி" என்றார் சுந்தர், யாரிடம் என்றில்லாமல். "எல்லாரும் இத்தாலி மூஞ்சியைத்தான் எதிர்பார்க்கிறாங்க. நானும் அதைத்தான் ஆசைப்பட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? சொல்லுங்க, நீங்கதானே எக்ஸ்பர்ட்டு?"

குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"என்ன பண்ணணும்னு சொல்ற தகுதி இன்னிக்கு எனக்கு இல்ல சார். பார்த்ததை மட்டும் சொல்றேன். ரைட்ல இருக்கிறது டூரின்ல வெச்சது. பெட்டில இருக்கிறதும் டூரின்ல வெச்சது. லெஃப்ட்ல இப்ப இருக்கிறது போன செவ்வாய்க்கிழமை வெச்சது."

சுந்தர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். உள்பக்கம், வெயில் படாத இடத்தில், பெயிண்ட் வெளுக்காமல் அடர்ந்த நீலமாக இருந்தது. அந்தக் காரில் அந்த நிறத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ரேவதி எட்டிப் பார்த்தார்.

"இதுவா கலரு? இது நல்லா இருக்கே" என்றார். அந்தக் காரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

"இதையே வெச்சிருங்க" என்றார் சுந்தர், ரமோனிடம்.

ஆறு வாரம் ஆனது. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. ரமோன் அந்தப் பல் தடங்களை நிமிர்த்துவதையும், நியூ ஜெர்சி காரில் நான் எடுத்திருந்த அளவுகளை வைத்துச் சரிவைப் பிடிப்பதையும் பார்த்தேன். முடிந்தபோது வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவினால், இடப்பக்கம் மட்டும், ஒரு மெல்லிய தழும்பு விரலில் தட்டும்.

புது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். மறுபடி கார் முன்னால் நின்று படித்தேன். முதல் கட்டத்தில் இடது விளக்கைப் பற்றி இப்படி இருந்தது: "தொழிற்சாலையில் பொருத்திய கிண்ணம். ஒரு பரிசோதகரின் தவறான பரிந்துரையால் வெட்டி எடுக்கப்பட்டு, அதே கிண்ணம் மீண்டும் வெல்டிங் செய்யப்பட்டது. தையல் உள்பக்கம் தெரியும்."

சுந்தர் தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பேனாவை நீட்டினார்.

"ஒரு பரிசோதகர்னா யாரு? பேர் போடுங்க."

அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே என் பெயரை இனிஷியலோடு எழுதினேன்.  நஜ்மாக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, பச்சைப் பேனாவைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

சுந்தர் முன்மூடியைத் தூக்கினார். அந்தக் காரில் முன்னால்தான் பெட்ரோல் டேங்க். அதன் பக்கத்திலிருக்கும் சின்ன இடத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் காரின் தாள்களை வைத்திருந்தார். அதோடு இதையும் சேர்த்துச் செருகினார்.

"என்னைக்காவது நான் இதை விப்பேன். வாங்க வர்றவர் உங்களை மாதிரி ஒருத்தரை அனுப்புவாரு. அவர் இதைத் திறந்ததும் மொதல்ல உங்க பேரைத்தான் படிப்பாரு."

"படிக்கட்டும் சார்" என்றேன்.

அவர் மூடியை இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, பூட்டு விழுந்த சத்தம் கேட்கும் வரை கையை எடுக்காமல் நின்றார்.